சேனையும் சீம்பாலும்

குழந்தை பிறந்துவிட்டது! மருத்துவர் அருகிருக்க, செவிலியர் துணையிருக்க, பளிச்சிடும் விளக்கொளியிலே பிறந்தது. அறிவுலகம் தன் கடமையை முடித்து, அழும் மகவைத் தாயின் பக்கத்திலே கிடத்திவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறது. நகர்ந்ததுதான் தாமதம், வெளியே காத்துக் கிடந்த பழமை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறது, கையிலே ஒரு கிண்ணத்தோடு!

கிண்ணத்திலே சர்க்கரைத் தண்ணீர். சில வீடுகளிலே தேன்; சில வீடுகளிலே கழுதைப்பால். சேனை வைக்க வேண்டுமாம். யார் விரலால் வைப்பது என்று அங்கே ஒரு மாநாடே நடக்கிறது. நல்ல குணம் படைத்தவர் வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வருமாம். ஆகவே பெரிய மாமாவா, சின்ன அத்தையா என்று வாதம். நாம் கேட்கிறோம்: விரலிலிருந்து நாவுக்குப் போவது குணமா, கிருமியா? ஊரிலுள்ள நல்லவர்களெல்லாம் சேனை வைத்தும் நாட்டிலே கயவர் தொகை குறையக் காணோமே, ஏன்?

இங்கே மாநாடு நடக்க, அங்கே தாயின் மார்பிலே சீம்பால் சுரந்து நிற்கிறது. மஞ்சள் நிறம், கொழகொழப்பு, அளவிலே சிறிது. “இது கெட்ட பால், பீய்ச்சி விடு” என்று தீர்ப்புக் கூறப்படுகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தாயின் உடல் திரட்டி, தன் மகவுக்கென்று தரும் முதல் சீதனம் மண்ணிலே கொட்டப்படுகிறது. அதே வீட்டுத் தொழுவத்திலே பசு கன்று ஈன்றால் என்ன நடக்கிறது? கன்றுக்குச் சீம்பால் ஊட்டாவிட்டால் தேறாது என்று கவலையோடு ஊட்டுகிறார்கள். மிஞ்சியதைக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சி, அண்டை வீட்டுக்கும் கொடுத்து, நாக்கைச் சப்புக் கொட்டித் தின்கிறார்கள்! கன்றின் சீம்பால் அமுதம், கண்மணியின் சீம்பால் கழிவு! மாட்டிடம் காட்டும் அறிவை மகளிடம் காட்ட மறுக்கும் இந்த விந்தைக்கு எந்தச் சாத்திரம் விளக்கம் தரும்?

இது பழங்கதை, இன்று யார் இப்படிச் செய்கிறார்கள் என்போர் உண்டு. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டட்டும். தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவ நிலையங்களிலேயே நடந்திருக்கின்றன. பெருமைப்படுவோம். ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 60 அளவே! ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், ஒரு வாய்த் தண்ணீரும்கூட, கொடுக்க வேண்டாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது; அப்படி வளர்ந்தவை பாதியைச் சற்றே தாண்டும். அறுவைப் பிரசவம் பெருகியதால் வந்த தாமதம் என்று சமாதானம் சொல்வார்கள். உண்மை ஓரளவு உண்டு. அறுவை முடிந்த தாயும், பக்கத்திலே தாங்கிப் பிடிக்க ஒரு கை இருந்தால், முதல் மணிக்குள்ளேயே பாலூட்ட முடியும். அந்தக் கைகள்தாம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனவே!

தேனைப் பற்றியும் ஒரு சொல். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதிலே தங்கியிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, முதிராத குடலிலே முளைத்து, நச்சைப் பரப்பி, தசைகளையே முடக்கிவிடக் கூடும். தேன் இனிக்கிறது என்பதாலே தீங்கற்றது என்று யார் சொன்னது?

இவ்வளவுக்கும் தாயைக் குற்றக் கூண்டிலே ஏற்றுவோர் இருக்கிறார்கள். ‘படிக்காத பெண், விவரம் தெரியாதவள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வீடு திரும்பும் நாளிலே, கையிலே குழந்தையும் பையும் மருந்துச் சீட்டுமாக நிற்பவளிடம், இரண்டு நிமிடத்தில் ஒப்பிக்கப்படும் உபதேசத்துக்குக் கல்வி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அவள் கேட்டுக்கொண்டாள் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்ததும் அவள் பேச்சு எடுபடுமா? தண்ணீர் அதிகம் குடிக்காதே என்கிறார் ஒருவர். தீட்டு, அறையை விட்டு வராதே என்கிறார் மற்றொருவர். பால் போதவில்லை, மாவு டப்பா வாங்கு என்கிறார் மூன்றாமவர். பால் மாவு விளம்பரத்தைத் தடுக்க 1992லேயே சட்டம் வந்தது. 2003லே அது மேலும் இறுக்கப்பட்டது. ‘பால் போதவில்லை’ என்று வீட்டுக்குள்ளே விளம்பரம் செய்யும் வாய்களை எந்தச் சட்டம் தடுக்கும்? அறிவு தாயின் காதிலே, அதிகாரம் பிறர் கையிலே! இந்த நிலை இருக்கும்வரை ஆயிரம் துண்டறிக்கை அச்சிட்டும் பயனில்லை.

‘தோஷம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. உடலின் நீர் வற்றுகிறது, கண் உள்வாங்குகிறது, உச்சிக்குழி பள்ளமாகிறது. தீட்டுப்பட்டவள் எவளோ தூக்கிவிட்டாள், தோஷம் தட்டிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மந்திரிப்பவன் வீட்டுக்கு ஓட்டம், தாயத்துக்குப் பேரம்! நீர் வற்றிச் சாகிற குழந்தைக்கு நூலிலே முடிச்சு! போதாக்குறைக்கு யாரோ ஓர் ஏழைப் பெண்ணின் தலையிலே பழி.

1971ஆம் ஆண்டு, வங்காள எல்லையிலே பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையிலே, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலைப் பெரிய கலங்களிலே நிரப்பி வைத்தார். அதை ஊட்டியவர்கள் யார்? நோயாளிகளின் தாய்மாரும் உறவினரும்! நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று அந்தக் கரைசல்பொடி அரசு சுகாதார நிலையத்திலே விலையின்றிக் கிடைக்கிறது. தாயத்து மட்டும் காசுக்கு விற்கிறது!

மராட்டியத்துக் கட்சிரோலியிலே, மருத்துவமனை எட்டாத காட்டோரச் சிற்றூர்களில், அபய் பங், ராணி பங் என்ற மருத்துவ இணையர் செய்தது இதைவிடப் பெரிது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்தார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். பிறந்த குழந்தையை எடைபோட்டார்கள், மூச்சை எண்ணினார்கள், சூடு காக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், சீழ்நோய் கண்டால் மருந்தும் கொடுத்தார்கள். தாயோடு மாமியாரும் உட்கார்ந்து கேட்டார். 39 ஊர்களிலே பச்சிளங் குழந்தைச் சாவு 62 விழுக்காடு குறைந்தது என்பதை 1999லே ‘லான்செட்’ மருத்துவ ஏடு வெளியிட்டது. மந்திரத்தாலா? சொல்லிக் கொடுத்ததாலும், சொன்னவள் மறுவாரமும் வந்து வாசலிலே நின்றதாலும்! இந்திய அரசும் 2011லே இந்த முறையை ஏற்று, 42 நாள் வரை வீடு தேடி வந்து பார்க்கும் திட்டம் வகுத்தது.

பாட்டிமாரைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. மார்போடு அணைத்துச் சூடு கொடு என்று பாட்டி சொன்னதைத்தான், எடை குறைந்த குழந்தைக்கு ஏற்ற முறை என்று மருத்துவம் இன்று போற்றுகிறது. அதே பாட்டி குழந்தையின் மூக்கிலே எண்ணெய் விட்டு ஊதும்போது அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும் என்று தடுக்கிறோம். பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதுமில்லை. பழையது என்பதற்காக ஒன்றைக் கொள்ளுவதுமில்லை.

மன்றங்களிலே முழங்கும் இளந்தோழர்களே, உங்களிலே பலர் அண்ணன்கள், கணவன்மார்கள், நாளைய தந்தைகள். மேடையிலே மூடநம்பிக்கையை மூன்று மணி நேரம் சாடிவிட்டு, வீட்டிலே அம்மா சேனைக் கிண்ணத்தை எடுத்ததும் ‘பெண்கள் விவகாரம்’ என்று திண்ணைக்கு நழுவும் வீரர்களை நாம் அறிவோம். நழுவாதீர்கள்! “முதலில் தாய்ப்பால்” என்று மனைவிக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். கொப்பூழ்க்கொடியிலே சாம்பலோ மஞ்சளோ வைக்க விடாதீர்கள். அது உலர்ந்து தானே விழும். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினாலோ, மார்பு உள்வாங்கினாலோ, உடல் சுட்டாலோ, சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ, நாள் நட்சத்திரம் பாராமல் மருத்துவமனைக்குத் தூக்கி ஓடுங்கள்.

ஒன்றரை மாதத்திலே தடுப்பூசி. அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நம் ஊர்களிலே வழக்கமாக ஊசி போடும் நாள் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பஞ்சாங்கப் பிரியர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என்ன சாக்குச் சொல்லப் போகிறார்கள் என்று பார்ப்போம்!