ஏலக்காய்க்கு எதுக்கு 8 மில்லிமீட்டர் காசு?

ஹோட்டல் பில்லைக் குறைக்கணும்னு ரூம்ல சமைக்க ஆரம்பிக்கிறீங்க. நல்ல முடிவு. ஆனா முதல் வாரமே என்ன பண்றோம்? பத்து நிமிஷ டெலிவரி ஆப்பைத் திறந்து பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்புன்னு வரிசையா சின்னச் சின்ன பாக்கெட்டா ஆர்டர் போடுறோம். ஒவ்வொண்ணும் முப்பது, ஐம்பது ரூபாய்ங்கிறதால உறைக்கிறதே இல்ல.

அதைக் கிலோ விலைக்கு மாத்திப் பாருங்க. உதாரணத்துக்கு, 10 கிராம் ஏலக்காய் 55 ரூபாய்னா கிலோ 5,500 ரூபாய். அதுவே 100 கிராம் 350 ரூபாய்க்குக் கிடைச்சா கிலோ 3,500. பாக்கெட்ல எம்ஆர்பி பக்கத்துலயே ஒரு கிராம் எவ்வளவுன்னு 'யூனிட் சேல் பிரைஸ்' போட்டிருப்பாங்க. நம்மள்ல முக்காவாசிப் பேர் அதைப் பார்க்கிறதே இல்ல. ரொம்பச் சின்ன பாக்கெட்ல அது இல்லாமலும் இருக்கலாம். அப்போ போன்ல கால்குலேட்டரைத் திறந்துடுங்க.

அதுக்காக எல்லாத்தையும் கிலோ கணக்குல வாங்கிப் போடச் சொல்லல. தனியா இருக்கிற ஆளுக்கு ஒரு கிலோ சீரகம் எதுக்கு? முழு மசாலாவா 50 கிராம், 100 கிராம் வாங்குங்க, அது போதும். முழுசா இருந்தா கண்ணாடி பாட்டில்ல, அடுப்புச் சூடு படாத இடத்துல மாசக்கணக்குல நிக்கும். பொடியாக்கிட்டா வாசனை சீக்கிரம் போயிடும். வாசனை போச்சுன்னா ஒரு ஸ்பூனுக்குப் பதிலா ரெண்டு ஸ்பூன் போடுவீங்க. சல்லிசா வாங்குனதுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

நம்ம ஆளுங்க அதிகமா காசு விடுற இடம் ஏலக்காய்தான். அதுக்கு விலையே சைஸை வச்சுத்தான். 8 மில்லிமீட்டருக்கு மேல, நல்ல பச்சையா, குண்டா இருக்கிறதுக்கு விலை ஜாஸ்தி. கல்யாண வீட்டுக்கோ, யாருக்காவது பரிசாக் குடுக்கவோன்னா அதை வாங்குங்க. தட்டி டீயில போடப் போறதுக்குப் பொடி சைஸ் போதும். வாய் வெடிச்ச காய் இன்னும் குறைச்சலா வரும். உள்ள விதை கறுப்பா, பிசுபிசுப்பா இருக்கான்னு மட்டும் பாருங்க. இன்னொரு விஷயம், போடிநாயக்கனூர்லயும் இடுக்கி புற்றடியிலயும் நடக்கிற ஏலக்காய் ஏலத்தோட விலையை ஸ்பைசஸ் போர்டு வெப்சைட்ல போடுறாங்க. ஷேர் விலையைத் தினம் நாலு தடவை பார்க்கிற நீங்க, ஏலக்காய் வாங்கும்போது ஒரு தடவை இதையும் பாருங்க. ஏல விலைக்கே கடையில கிடைக்காது. ஆனா கடைக்காரர் எவ்வளவு மேல வச்சிருக்கார்னு ஒரு அளவு கிடைச்சிடும்.

பட்டையும் அப்படித்தான். கெட்டியா, முரட்டுத்தனமா ஒரே தோலா இருக்கிறது பெரும்பாலும் காசியா. அசல் இலவங்கப்பட்டை காகிதம் மாதிரி மெல்லிசா, அடுக்கடுக்கா சுருண்டிருக்கும், கையால நொறுக்கலாம். பிரியாணிக்கு முதல்வகை தாராளமா போதும். ஆனா முதல்வகையை ரெண்டாவது வகை விலைக்கு வாங்கிட்டு வராதீங்க.

நான் கறாரா இருக்கிறது ஒரே ஒரு விஷயத்துலதான். பேர் தெரியாத லூஸ் மஞ்சள் பொடி, மிளகாய் பொடி வேண்டாம். கிலோவுக்கு 40 ரூபாய் கம்மின்னு வச்சுக்குவோம். நீங்க வாங்குறது 100 கிராம், அப்போ மிச்சம் 4 ரூபாய். மஞ்சள்ல நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கிறது நடக்கிற விஷயம், அதுல இருக்கிறது ஈயம். ஈயம் உடம்புல சேர்ந்துக்கிட்டே போகும். நாலு ரூபாய்க்கு இந்த ரிஸ்க் எடுக்கிறதுல எந்தக் கணக்கும் இல்ல. பொடியாதான் வேணும்னா எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் போட்ட பாக்கெட்டா வாங்குங்க, இல்லன்னா விரலி மஞ்சள் வாங்கி அரைச்சுக்கோங்க.

எங்க வாங்குறது? சென்னைன்னா பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மதுரைன்னா கீழமாசி வீதி, கோவைன்னா ரங்கே கவுடர் வீதி. ஆனா ஓஎம்ஆர்ல இருந்துக்கிட்டு 200 கிராம் மசாலாவுக்காக பெட்ரோல் போட்டுப் பாரிமுனை போறதுல மிச்சம் ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் வேற வேலை இருந்தா போங்க. அதைவிட, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அம்மா வழக்கமா வாங்குற கடையிலயே வாங்கிட்டு வாங்க. தெரிஞ்ச முகம்கிறதால அங்க பழைய சரக்கைத் தலையில கட்ட மாட்டாங்க.

ரூம்ல மூணு, நாலு பேர் இருந்தா இன்னும் சுலபம். மாசி, பங்குனில புது மிளகாய் வரத்து நல்லா இருக்கும்போது மிளகாய், மல்லி சேர்த்து வாங்குங்க. ரெண்டு நாள் மாடியில காய வச்சு மில்லுல அரைச்சுப் பிரிச்சுக்கோங்க. அரைப்புக் கூலியையும் பங்குல சேர்த்துக்கோங்க. அதை விட்டுட்டுத்தான் ரூம்ல சண்டையே வருது.