எஞ்சின் கணினி ஓர் இலக்கியப் படைப்பு

‘மூளை போய்விட்டது, புதிது கிடைக்காது, வண்டியை உடைக்கக் கொடுத்துவிடுங்கள்.’ பதினைந்து, இருபது வயதான கார்களை வைத்திருப்போர் இன்று பட்டறைகளில் கேட்க நேரும் தீர்ப்பு இது. எஞ்சின் நன்றாக இருக்கும். கியர் பெட்டி நன்றாக இருக்கும். தகட்டில் துரு ஏறியிருக்காது. பட்டறை மொழியில் இ.சி.எம். எனப்படும் ஒரு சிறிய அலுமினியப் பெட்டி செயலிழந்த ஒரே காரணத்துக்காக முழு வண்டியும் காயலான் கடைக்குப் போகிறது. இதை இயற்கை மரணம் என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலையோடு எனக்கு உடன்பாடில்லை.

முதலாவதாக, அந்தத் தீர்ப்பே பல வேளைகளில் அவசரத் தீர்ப்பு. எஞ்சின் கணினி செய்வது என்ன? கிராங்க் சுழலும் வேகம், தண்ணீரின் வெப்பம், உள்ளே வரும் காற்றின் அளவு, புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றை உணரிகள் வழியே அறிந்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. அதற்கு அது நாடுவது சீரான மின்சாரமும் ஒழுங்கான எர்த் இணைப்பும். எர்த் கம்பி பச்சை பூத்திருந்தாலோ, ரிலே பழுதானாலோ, உணரிகளுக்குச் செல்லும் 5 வோல்ட் இணைப்பு எங்கேனும் ஷார்ட் ஆகியிருந்தாலோ, உயிருள்ள பெட்டியும் பிணம்போலக் கிடக்கும். இவற்றைச் சோதிக்க மல்டிமீட்டரும் அரைநாள் பொறுமையும் போதும்.

பெட்டியே பழுதாகியிருந்தாலும் காரணம் பெரும்பாலும் அற்பமானது. பழைய மின்தேக்கி கசிந்து பலகையின் செம்புத் தடங்களை அரித்திருக்கும். வெப்பம் ஏறி இறங்கி ஈயப் பற்று விரிசல் கண்டிருக்கும். அல்லது தண்ணீர் புகுந்திருக்கும். 2015 டிசம்பர் மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களை எண்ணிப் பார்க்கலாம். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர் பழகிய அதே சால்டரிங் அயர்ன் இங்கும் பல நேரங்களில் போதும்.

அது முடியாதபோது பழைய பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தலாமே என்று கேட்கத் தோன்றும். தொண்ணூறுகளின் தொடக்கத்து வண்டிகள் பலவற்றில் அது எளிது. அதே எண்ணுள்ள பெட்டியைச் செருகினால் வண்டி ஓடும். இம்மொபிலைசர் வந்தபின் கதை மாறிற்று. சாவிக்குள் ஒரு சில்லு, பெட்டிக்குள் அதற்கு ஒத்த ரகசிய எண். புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து வந்த பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியன். நிறுவனத்தின் கருவி இருவரையும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அல்லது பழைய பெட்டியின் நினைவகச் சில்லிலிருந்து அந்த எண்ணைப் படித்துப் புதியதில் எழுத வேண்டும். இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊர்ச் சந்துகளில் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் திறமையைக் கள்ளச் சாவி போடும் தொழிலைப் போலக் கருதும்படி நாம் பழக்கப்பட்டிருக்கிறோம்.

இங்கேதான் இலக்கிய வாசகருக்கும் இதில் பங்கு வருகிறது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது எழுதப்பட்ட ஒரு பிரதி. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்றே வரையறுக்கிறது. கவிதைத் தொகுப்புக்கும் எஞ்சின் கணினியின் நிரலுக்கும் சட்டத்தின் கண்ணில் ஒரே சாதி. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலை முறையாக வைத்திருப்பவர் அழிவுக்கும் சேதத்துக்கும் எதிரான காப்பாக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டம் தந்ததைப் பூட்டு பறித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் இந்த வழக்கு இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2015இல் டிராக்டர் நிறுவனமான ஜான் டீர், வாகனத்தை வாங்கியவருக்கு அதன் நிரலில் இருப்பது ஓட்டிக்கொள்வதற்கான மறைமுக உரிமம் மட்டுமே என்று பதிப்புரிமை அலுவலகத்தில் வாதிட்டது. விலை கொடுத்தவன் குடக்கூலிக்காரன்! அவ்வாண்டு அக்டோபரில், பழுதுபார்ப்பதற்காக உரிமையாளர் அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்ற விலக்கை அளித்தவர் யார் தெரியுமா? காங்கிரஸ் நூலகத்தின் நூலகர். காரின் நிரலைப் படிக்கும் உரிமையை ஒரு நூலகர் தீர்மானிக்க நேர்ந்தது தற்செயல் அல்ல.

நம் நாட்டிலும் இது புதிய புகார் அன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. பட்டறைக்காரரின் நிலை பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை.

மறுப்புகள் உண்டு. பூட்டைத் திறந்தால் திருட்டு பெருகும் என்பர். ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்த்துக் கருவியைப் பயன்படுத்த, பதிவுபெற்ற பட்டறைக்கு முடியாதா? மாசு கட்டுப்பாடு குலையும் என்பர். 2015இல் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் மோசடியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில், சோதனைக்கூடத்தில் ஒரு முகமும் சாலையில் வேறு முகமும் காட்டும் நிரலை எழுதியவர் சந்துக்கடை மெக்கானிக் அல்லர். மூடிய பெட்டிதான் அந்தப் பொய்யை அத்தனை ஆண்டுகள் காத்தது.

‘கார்புரேட்டர் காலமே பொற்காலம்’ என்று பெருமூச்சு விடும் நண்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் நிறுவனங்களுக்கு உதவுகிறார்கள். கணினி வந்தால் கைப்பழுது போகும் என்பது விதி என்றாகிவிட்டால், பூட்டியவர் குற்றம் மறைந்துவிடுகிறது. எஞ்சின் கணினி எரிபொருளை மிச்சப்படுத்தியது, புகையைக் குறைத்தது. குறை கணினியில் இல்லை, அதைப் படிக்கவொட்டாத ஏற்பாட்டில் இருக்கிறது.

ஆகவே நிறுவனங்களின் தர்க்கத்தையே அவர்களிடம் திருப்பித் தருவோம். உங்கள் நிரல் ஒரு நூல் என்கிறீர்கள், நல்லது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். நூலுக்குரிய உரிமையைக் கேட்பவர்கள் நூலுக்குரிய கடமையையும் ஏற்கட்டும். ஒரு மாதிரியின் எஞ்சின் கணினியை விற்பதை நிறுத்தும் நாளில் அதன் நிரலையும், சுற்று வரைபடத்தையும், சாவியை இணைக்கும் முறையையும் பொதுக் காப்பகம் ஒன்றில் ஒப்படைக்கச் சட்டம் வேண்டும். பழைய நினைவகச் சில்லுகளில் பதிந்த எழுத்துகளும் என்றென்றைக்கும் நிற்பவை அல்ல. அவற்றில் தங்கிய மின்னேற்றம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்துபோகும். ஏடு பெயர்த்து எழுதியவர்களால் சங்க நூல்களைப் பெற்ற சமூகம், நகல் எடுப்பது குற்றம் என்ற உபதேசத்தை இத்தனை எளிதில் ஏற்கலாகாது.