எடைக்கல்லை ஒளித்தவர்கள்

1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானுடனான போரின் நடுவே அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் எண் ஆணையில் ஜப்பானியர் என்ற பேச்சே கிடையாது. ராணுவம் குறிக்கும் பகுதிகளிலிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்றுதான் இருந்தது. அதைக் கொண்டு மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அள்ளிச் சென்று முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண் எழுதிய அட்டை பெட்டியிலும் தொங்கியது, குழந்தையின் சட்டையிலும் தொங்கியது. சான் பிரான்சிஸ்கோ அருகே டான்ஃபொரான் பந்தய மைதானத்தின் குதிரை லாயங்களுக்கு அவசர அவசரமாகச் சுண்ணாம்பு அடித்து, அவற்றில் குடும்பங்களைக் குடிவைத்தார்கள்.

இதற்கு மேற்குக் கரையின் தளபதி டிவிட் சொன்ன காரணம் நம்மைத் திகைக்க வைக்கிறது. இதுவரை ஒரு நாசவேலையும் நடக்கவில்லை என்பதே இனி நடக்கப்போவதற்கு அறிகுறி என்றார். இந்த வாதத்துக்கு எந்த நிரபராதியால் பதில் சொல்ல முடியும்?

ஃபிரெட் கொரெமட்சு, ஓக்லண்டில் பிறந்த வெல்டர், 23 வயது இளைஞர், போக மறுத்தார். கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1944 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள், மூவர் மறுத்தார்கள். அந்த மூவரில் ஒருவரான ஜாக்சனின் எச்சரிக்கையை நாம் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ராணுவ ஆணை நெருக்கடியோடு போய்விடும். நீதிமன்றம் அதை நியாயப்படுத்திவிட்டால் அந்தக் கொள்கை அடுத்து வருகிறவன் கைக்குத் தயாராகக் கிடக்கும் என்றார். அமெரிக்க அதிபர் ஆடம்ஸ் காலத்து ராஜத்துரோகச் சட்டம்கூட 1798இல் வந்து 1801இல் காலாவதியானது. தீர்ப்புக்கு அப்படிக் காலக்கெடு கிடையாது.

பாதுகாப்பு ஒரு தட்டு, சுதந்திரம் ஒரு தட்டு என்று தராசு பிடித்துப் பேசுவது வழக்கம். 1944இல் நீதிபதிகள் எதை நிறுத்தார்கள்? எடைக்கல்லையே அரசு ஒளித்து வைத்திருந்தது. ஜப்பானிய அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் விசுவாசமானவர்கள், சந்தேகம் இருந்தால் ஆளுக்கு ஆள் விசாரித்தால் போதும் என்று கடற்படை உளவு அதிகாரி கென்னத் ரிங்கிள் எழுதிய அறிக்கை அரசின் கையில் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சாட்சியத்தை மறைப்பதற்கு ஒப்பாகலாம் என்று நீதித்துறை வழக்கறிஞர் எட்வர்ட் என்னிஸ் மேலிடத்துக்கு எழுதியும் பார்த்தார். பலிக்கவில்லை.

ஆய்வாளர் பீட்டர் ஐரன்ஸும், இளம் வயதில் முகாமில் அடைபட்டிருந்த ஐக்கோ ஹெர்சிக்-யோஷினாகாவும் 1980களின் தொடக்கத்தில் ஆவணக் கட்டுகளைக் கிளறியபோதுதான் இவை வெளிவந்தன. 1983இல் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி மர்லின் படேல் கொரெமட்சுவின் தண்டனையை ரத்து செய்தார். 1988இல் சட்டம் இயற்றி நாடே மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் இழப்பீடு. விற்றுவிட்டுப் போன பண்ணைகளும் கடைகளும் திரும்பவில்லை.

கொரெமட்சு தீர்ப்பு தொடக்கத்திலேயே தவறு என்று 2018இல் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். நமக்கு அந்த நிம்மதி இல்லை. அவர் அதை எழுதியது, சில நாட்டினர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த அதிபர் டிரம்பின் பயணத் தடை செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்ன தீர்ப்பில். தேசப் பாதுகாப்பு என்று அரசு சொன்னது, பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது. தடைக்கு அடிப்படை என்று காட்டிய ஆய்வறிக்கையை அரசு வெளியிட மறுத்ததை நீதிபதி சோட்டோமேயர் தம் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். அந்த அறிக்கை மொத்தமே 17 பக்கம்.