கம்ப்யூட்டரிடம் சரியாகக் கேட்கிறோமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு கிடைத்ததும் முதலில் செய்து பார்ப்பது, மேப்பில் தங்கள் வீட்டைத் தேடுவது. அடுத்தது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு வழி கேட்பது. பதில் உடனே வந்துவிடும். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இனி என்ன சந்தேகம் என்று நாமும் கிளம்பிவிடுவோம். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானும் அப்படித்தான் செய்தேன்.

2023-ல் என் அம்மா திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து, சென்னையில் சிங்கப்பூர் விமானம் ஏற வேண்டியிருந்தது. அக்காவுக்குப் பிரசவ நேரம். நான் வேலை பார்ப்பதோ பெங்களூரில். ரயில் டிக்கெட்டில் "சென்னை எழும்பூர்" என்று இருந்ததால், கூகுள் மேப்ஸில் எழும்பூரிலிருந்து விமான நிலையத்திற்கு வழி தேடினேன். மெட்ரோவில் ஏறி ஆலந்தூரில் மாறு என்று வந்தது. அதை அப்படியே பிரின்ட் எடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்று ரயில் தாமதம். விடிந்து வெகுநேரம் கழித்து அம்மாவிடமிருந்து போன். "ஏல, ஏர்போர்ட்டு இங்கனயே இருக்கு. என்னய எதுக்குல எழும்பூருக்குப் போகச் சொன்ன?"

ரயில் அப்போது திரிசூலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. விமான நிலையத்திற்கு நேர் எதிரே உள்ள ஸ்டேஷன் அது. எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. ஆனால் அதற்கு முன்பே தாம்பரத்தில் நின்றுதான் வந்திருக்கிறது. அங்கேயே இறங்கி மின்சார ரயிலில் ஏறியிருந்தால், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்து திரிசூலம். டிக்கெட் 5 ரூபாய். அம்மா எழும்பூர் வரை போய், வந்த திசையிலேயே திரும்பி வந்து, கவுன்டர் மூடும் நேரத்தில் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார்.

கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லவில்லை. எழும்பூரிலிருந்து வழி கேட்டேன், எழும்பூரிலிருந்து சொன்னது. அம்மா தாம்பரம் வழியாக வருகிறார் என்பதை நான் அதனிடம் சொல்லவே இல்லையே!

இந்த வசதிக்குப் பின்னால் இருப்பது மந்திரம் அல்ல. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் கால அட்டவணையைக் கூகுளுக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தத் தேடல் வசதி வெளியானது. அதற்காக உருவான ஃபைல் அமைப்பைத்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். ஜிப் செய்யப்பட்ட சில டெக்ஸ்ட் ஃபைல்கள், அவ்வளவுதான். நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். ஒன்றில் நிறுத்தங்கள், ஒன்றில் வழித்தடங்கள், ஒன்றில் நேரங்கள். நீங்கள் கொடுக்கும் இரண்டு புள்ளிகளை இவற்றைக் கொண்டு இணைப்பதுதான் புரோகிராமின் வேலை. முதல் புள்ளியே சரியா என்று யோசிப்பது நம் வேலை.

ஆகவே, வழி கேட்பதற்கு முன் மேப்பை ஜூம் அவுட் செய்து, உங்கள் ரயில் வரும் பாதை முழுவதையும் ஒரு முறை பாருங்கள். ரயில் எங்கெல்லாம் நிற்கிறது என்று ரயில்வேயின் கால அட்டவணையில் பார்த்து, ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் தேடுங்கள். தென் மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் தாம்பரமே வசதி. கோவை, சேலம் பக்கமிருந்து சென்ட்ரல் வருபவர்களுக்கு, மாறாமல் நேரே விமான நிலையம் போகும் மெட்ரோ இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள். டாக்சிக்காரர் கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். "லீவ் நவ்" என்பதை கிளிக் செய்து "அரைவ் பை" என மாற்றி, விமான நிலையத்தில் இருக்க வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். மதியம் உட்கார்ந்து தேடினால் மெட்ரோவைக் காட்டும். நள்ளிரவில் போய் இறங்கினால் மெட்ரோ இருக்காது. ஆப்ஷன்ஸ் பகுதியில் குறைவாக நடக்கும் வழி, குறைவாக மாறும் வழி என்றும் கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை உண்டு. கையில் இரண்டு பெரிய பெட்டிகள் இருப்பதும், அம்மாவின் முழங்கால் வலியும், ஆபீஸ் நேரத்து மின்சார ரயில் கூட்டமும் எந்த டெக்ஸ்ட் ஃபைலிலும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் டாக்சிதான் சரி என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டரை நம்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிரின்ட் எடுப்பதற்கு முன், அந்த வழியில் போய் வந்த ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால், தாம்பரத்தில் டீ விற்பவர்கூடச் சரியான வழி சொல்லியிருப்பார்.