தன்னம்பிக்கை இருக்கட்டும், சாய்தளம் எங்கே?

பேட்மிண்டனில் ஒரு பெண் ஒலிம்பிக்ஸ் மெடல் வாங்கினால் அவருடைய ஸ்மாஷைப் பற்றி எழுதுவார்கள். அதுவே பாராலிம்பிக்ஸ் என்றால் உடனே "குறையை வென்ற மங்கை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்டம் எப்படி இருந்தது? அது யாருக்கும் வேண்டாம்!

காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனுக்கு நடந்ததும் இதுதான். தாம்பரத்தில் பஸ் ஏறினால் போய் இறங்கிவிடக்கூடிய ஊர். 2002-ல் பிறந்தவர். கூலி வேலை பார்த்த அப்பாதான் முதல் கோச். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் ஒற்றையர் தங்கம், 2024 பாரிஸில் வெள்ளி.

பாரிஸ் அரையிறுதியில் எதிரே நின்றவர் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ். துளசிமதி ஜெயித்தது 23-21, 21-17. அவருக்கு இடது கையில் பாதிப்பு, மனிஷாவுக்கு வலது கையில். ஷட்டில் ஆடியவர்களுக்குத் தெரியும், ராக்கெட் பிடிக்காத கை சும்மா இருப்பதில்லை. சர்வீசுக்கு ஷட்டில்காக்கைப் பிடிப்பதும், எம்பி அடிக்கும்போது உடம்பை நிறுத்துவதும் அதுதான். இவர்கள் ஆடும் எஸ்.யு.5 பிரிவில் ஒற்றையருக்கு முழு கோர்ட். சலுகை எதுவும் கிடையாது. இதை எத்தனை பேர் எழுதினார்கள்?

திரும்பி வந்ததும் தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடி, மனிஷாவுக்கு 1 கோடி கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் மெடலுக்குப் பிறகு வருவது. அதற்கு முன்னால் ஒரு கோர்ட்டுக்குள் நுழைய வேண்டுமே! இந்த இருவரால் படி ஏற முடிந்தது, ஏறினார்கள். வீல்சேரில் வருகிற பையன் என்ன செய்வான்? வீல்சேர் பேட்மிண்டனும் 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியிலிருந்து பாராலிம்பிக்ஸில் இருக்கிறது.

சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் ஷட்டில் கோர்ட்டுகள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாசலில் சாய்தளம் இருக்கிறதா, பாத்ரூமுக்குள் சக்கரம் நுழையுமா என்று ஒரு முறை பாருங்கள். "அவங்க யாரும் இங்க வர்றதில்லையே சார்" என்று பதில் வரும். படிக்கட்டைப் போட்டுவிட்டு ஆள் வரவில்லை என்றால் எப்படி?

பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களை, தனியாருடையது உட்பட, ஐந்து வருஷத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கான விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது!

மெடல் வந்த மறுநாளே இருபதடி பிளெக்ஸ் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, மூன்று படிக்கு ஒரு சாய்தளம் போட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று மட்டும் தெரியாதா?