ஆளை அனுப்பிவிட்டு அப்பீலா?

லண்டனில் அடைக்கலம் கேட்டு, மனு தள்ளுபடியானவர்கள் ஐந்து தமிழர்கள். 1988 பிப்ரவரியில் அவர்களை இலங்கைக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அப்பீல் இல்லையா? இருந்தது. ஆனால் நாட்டை விட்டுப் போன பிறகுதான் போடலாம்! விசா இல்லாமல் வந்து, உள்ளே விட மறுக்கப்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் அப்போது சட்டம் அப்படி. எந்த ஊருக்குப் பயந்து ஓடி வந்தார்களோ, அங்கேயே இருந்துகொண்டு "இங்கே ஆபத்து" என்று வழக்காட வேண்டும்.

அனுப்பும் முன்பு கோர்ட்டுக்குப் போகாமல் இல்லை. 1987-ல் அப்பீல் கோர்ட்டு இவர்கள் பக்கம் நின்றது. டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றிவிட்டது. பயந்தால் மட்டும் போதாது, ஆபத்து நிஜமாக இருக்க வேண்டும் என்றது.

1989 மார்ச்சில் லண்டனில் அப்பீல் அதிகாரி, அடைக்கலம் கொடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு கூறினார். அக்டோபரில் திரும்பி வந்தார்கள். ஜெயித்தாச்சு. ஆனால் ஊருக்குப் போன இடத்தில் மூன்று பேர் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். அதை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமைக் கோர்ட்டு 1991 அக்டோபரில் இங்கிலாந்து மீது தப்பில்லை என்றுவிட்டது. அந்த மூவருக்கும் அப்படி நடக்கும் என்று முன்கூட்டியே தெரிய வழியில்லையாம்! எட்டு நீதிபதிகள் அப்படிச் சொல்ல, ஒருவர் மட்டும் மறுத்தார்.

1993-ல் இங்கிலாந்தே சட்டத்தைத் திருத்தியது. அப்பீல் முடியும் வரை ஆளை அனுப்பக் கூடாது. அதுவும் நிலைக்கவில்லை. ஆதாரமே இல்லாத மனு என்று அதிகாரிகள் முத்திரை குத்தினால் வெளிநாட்டில் இருந்துதான் அப்பீல் என்று 2002-ல் வந்தது. 2022 சட்டம் அந்த அப்பீலையும் எடுத்துவிட்டது.