எந்த வரிசை, ஐயா?

அண்மையில் ஒரு நூல் விமர்சனக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் எழுத்துகளைப் பற்றிப் பேச வந்த மூத்த திறனாய்வாளர் ஒருவர், நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வியை வீசினார்: "நானும் மூன்று முறை வெளிநாடு போய் வந்திருக்கிறேன். வரிசையில் நின்று விசா எடுத்துத்தான் போனேன். இவர்கள் ஏன் அப்படிப் போகவில்லை? திருட்டு வழியில் போய்விட்டு அந்தத் திருட்டையே காவியமாக்கினால் எப்படி?" அரங்கம் சிரித்தது, கைதட்டவும் செய்தது. நாம் கைதட்டவில்லை. ஆனால் எழுந்து மறுக்கவும் இல்லை. தேநீர் வேளையில் இரண்டு நண்பர்களிடம் முணுமுணுத்துவிட்டு வீடு திரும்பினோம். அந்தக் கோழைத்தனத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுத நேர்ந்தது.

பெரியவர் சொன்ன வரிசையை முதலில் பார்ப்போம். சுற்றுலா, உறவினரைக் காணல், படிப்பு, வேலை, குடும்பத்தோடு சேர்தல் என்று விசாவில் பல வகைகள் உண்டு. ஒரு கருத்தரங்குக்காக நாமும் ஒருமுறை விண்ணப்பித்திருக்கிறோம். கல்லூரியின் தடையில்லாச் சான்று, விடுப்பு ஆணை, சம்பளப் பட்டியல், ஆறு மாத வங்கிக் கணக்கு, வீட்டுவரி ரசீது, போதாதென்று அப்பா பெயரிலிருந்த இரண்டு ஏக்கர் நிலத்தின் பட்டா நகல். கருத்தரங்கில் வாசிக்கவிருந்த கட்டுரையை எவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. அந்தக் காகிதக் கட்டு முழுவதும் சேர்ந்து சொன்ன செய்தி ஒன்றே: இந்த ஆள் திரும்பி வந்துவிடுவான். பெரியவர் மூன்று முறை நிரூபித்ததும் இதைத்தான். தமக்குத் திரும்பி வர ஓர் ஊர் இருக்கிறது, அங்கே தம்மை யாரும் கொல்லக் காத்திருக்கவில்லை.

1983 ஜூலைக்குப் பின் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்த ஓர் இளைஞன் இந்தச் சான்றை எங்கே வாங்குவான்? திரும்பி வர முடியாது என்பதுதானே அவன் போவதற்கே காரணம்! உண்மையைச் சொன்னால் பயணி விசா மறுக்கப்படும், விதியே அப்படி. சரி, அகதி விசா என்று ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமே என்றால், அப்படி ஒரு விசா எந்தத் தூதரக வாசலிலும் பொதுவாகக் கிடைப்பதில்லை. தஞ்சம் கேட்பவர் அந்த நாட்டு மண்ணிலோ எல்லையிலோ நின்றுதான் கேட்க வேண்டும். தூதரகத்திலேயே தஞ்ச விண்ணப்பம் பெறும் வழக்கத்தைச் சுவிட்சர்லாந்து நெடுங்காலம் வைத்திருந்தது, கொழும்பிலிருந்தும் விண்ணப்பித்தார்கள். 2012இல் அந்தச் சன்னலும் சாத்தப்பட்டது. பெய்ரூட்டிலிருந்த பெல்ஜியத் தூதரகத்தில் ஒரு சிரியக் குடும்பம் விசா கேட்டுத் தொடுத்த வழக்கில், அத்தகைய விசா கொடுக்கும் கடமையை ஐரோப்பியச் சட்டம் விதிக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மண்ணை மிதித்தால் கேட்கலாம். மிதிக்க விசா வேண்டும். கேட்கப் போகிறவனுக்கு விசா இல்லை. இதுதான் பெரியவர் சொல்லும் வரிசை.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். உயிருக்கு அஞ்சி நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை ஒப்புவித்துத் தக்க காரணம் சொல்பவரை, முறையின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 31ஆம் பிரிவு. திருட்டு வழி என்று நம் அரங்கம் சிரித்ததைச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே மன்னித்திருக்கிறது.

நிற்க. அந்த வழிகள்தாம் எப்படி அடைபட்டன? ஐக்கிய இராச்சியம் 1985 மே மாதம் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளில் இக்கட்டுப்பாடு முதன்முதலில் விழுந்தது இலங்கையின் மேல்தான். காரணம் தமிழ் அகதிகள். அதே காலத்தில் இன்னொரு வாசல் விந்தையாகத் திறந்து கிடந்தது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கடப்பு விசாவோடு ரயிலேறினால் மேற்கு பெர்லின். பெர்லினுக்குள் ஓடும் அந்தக் கோட்டை ஓர் எல்லையாகவே மேற்கு ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கம் நுழைவுச் சோதனை இல்லை. பனிப்போரின் ஒரு கற்பிதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர் உயிர் பிழைத்தார்கள். மேற்கு ஜெர்மனி நெருக்கவே, மேற்கொண்டு செல்ல விசா இல்லாத இலங்கையருக்கு 1985இலேயே அவ்வழியும் மூடியது. மறு ஆண்டு ஆகஸ்டில், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறிய 155 தமிழரைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று முதலில் பொய் சொன்னார்கள். ஆம், பொய்தான்.

1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழரைத் திருப்பி அனுப்ப விமானத்துக்கு இட்டுச் சென்றபோது, அவர்கள் ஓடுதளத்திலேயே ஆடைகளைக் களைந்து நின்றார்கள். மேலாடை நெகிழ்ந்தால் மானம் போயிற்று என்று கருதும் குடும்பங்களில் பிறந்தவர்கள். அதற்குப் பாராளுமன்றம் அளித்த மறுமொழி ஒரு சட்டம்: விசா இல்லாத பயணியை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளொன்றுக்கு 1000 பவுண்டு அபராதம். அன்றிலிருந்து தஞ்ச வழக்கின் முதல் நீதிபதி, போர்டிங் பாஸ் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நிற்கும் ஊழியர்தான். அவருக்கு அகதிச் சட்டம் தெரியாது, அபராதம் தெரியும். அவ்வாண்டு தமிழர் பலர் ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். அக்டோபர்ப் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து மிதந்தது. உவமை தேடும் நம் கவிஞர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறோம்.

பொய்க்கு வருவோம். உண்மை சொன்னால் விசா இல்லை. ஆகவே பொய்க் கடவுச்சீட்டு. அந்தப் பொய்யே பின்னர் விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மைக்கு எதிராக எடைபோடப்படும் என்று பிரிட்டனின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்தது. ஷோபாசக்தி நடித்து 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற 'தீபன்' படத்தில், ஒருவருக்கொருவர் அந்நியரான மூவர், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளோடு குடும்பமாகிறார்கள். 'அசூல் அடித்தல்' என்று ஐரோப்பியத் தமிழர் சொல்வதை நம் அகராதிகள் சேர்க்க வேண்டும். ஒரு வினைச்சொல் பிறக்க எத்தனை பேர் எத்தனை முறை அதைச் செய்திருக்க வேண்டும்!

ஏஜென்சிக்காரர்களின் கொள்ளையை நாம் மறைக்கவில்லை. பிழைப்புத் தேடிப் போனவர்களும் அவர்களிடையே உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் யார் எவர் என்று பிரித்தறிய வேண்டிய இடம் விசாரணை மன்றம். விமர்சனக் கூட்டத்தின் மேடையன்று. பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்கும் நம் நாவுக்கு இந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்பதே நம் மனக்குறை.

கடல் கடந்து போவானேன்? இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் விலக்கியது, குடியுரிமை தரவில்லை. நம் வகுப்பிலேயே முகாமில் பிறந்த மாணவர் ஒருவர் இருந்தார். பெற்றோர் இருவரும் அகதிகள். தொல்காப்பியத்தில் நம்மையே மடக்கும் அறிவு. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னோம். "கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று எழுதட்டும், ஐயா?" என்றார். நமக்கு விடை தெரியவில்லை.

பெரியவர்மீது நமக்கு மதிப்புண்டு. அவருடைய சிலப்பதிகாரக் கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த இளைஞனும் இந்த மாணவரும் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தை நிரப்பி, எந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பட்டும். ஒரு எழுத்தும் குறைக்காமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.